துவைத்துக் கட்டிய துணி

பைக் ஆயில் எரிந்த நீலப் புகையைக் கக்கியதும் தம்பி சட்டென்று நிறுத்தினான். நேற்றுவரை பொட்டுப் புகை விடாத வண்டி அது. ஷெட்டில் இருந்த இரண்டு கேன்களில், படகில் ஊற்றியது போக மிச்சமிருந்த கேனிலிருந்துதான் இப்போது இதற்குப் பெட்ரோல் ஊற்றியிருந்தான்.

படகு மோட்டாருக்கு ஆயில் கலந்த பெட்ரோல் வேண்டும். அந்தக் கேனுக்கு அடையாளமாகக் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருப்பான். காலையில் துணியைப் பார்த்துத்தான் படகில் ஊற்றினான். அப்போது அக்கா சொன்னது இப்போதுதான் உறைத்தது.

"உன் அழுக்குத் துணியத் துவைச்சுக் கட்டியிருக்கேன்டா. பாரு, எவ்வளவு பளிச்சுனு இருக்கு."

எந்தக் கேனில் கட்டினாள் என்று அவன் கேட்கவில்லை.

பைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். வெறும் பெட்ரோலில் மெதுவாகப் போனால் மோட்டார் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வேகமெடுத்தால் இறுகி நின்றுவிடும். முகத்துவாரத்தில் நின்றால் நீரோட்டம் படகைப் பாறையில் கொண்டுபோய் அடிக்கும்.

அக்காவோடு படகில் போயிருந்த மச்சான் போனை எடுக்கவில்லை. படகுத்துறைக்கு வந்தபோது அக்காவும் மச்சானும் முகத்துவாரத்தை நெருங்கியிருந்தார்கள்.

"மச்சான், மோட்டார ஆஃப் பண்ணுங்க!"

காற்று அவன் பக்கமே வீசியது. சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். அக்கா பார்த்துவிட்டாள். மச்சானின் தோளைத் தட்டி இவனைக் காட்டினாள்.

மச்சான் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு, மைத்துனன் பார்க்கிறான் என்ற குஷியில், மோட்டாரின் வேகக் கைப்பிடியை முழுசாக முறுக்கினார்.