வறட்சின்னு போட்டுக்கலாம்

திருவெள்ளறை சுற்றுவட்டாரத்தில் பூத்துக்கொண்டிருக்கும் சகல மலர்களின் மேலான கவனத்துக்கு: பெருந்தொற்றுக் காலத்தில் நீங்கள் அடைந்த துயரத்தை அரசு கண்டுகொண்டது. உங்கள் சேதம் நேரில் வந்து பார்வையிடப்படும். அதுவரை அமைதி காக்கவும்.

ஏறக்குறைய இந்தத் தோரணையில்தான் நிவாரண அறிவிப்பு மருதையின் செல்போனுக்கு வந்து சேர்ந்தது. அவன் மனைவி பானுமதி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ஒரு ஏக்கர் சம்பங்கி. மார்ச் வரை அவ்வளவும் ஸ்ரீரங்கத்து மாலைக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு கோயிலைச் சாத்தினார்கள், கடையைச் சாத்தினார்கள், பஸ் நின்றது. இதை யாரும் சம்பங்கிக்குச் சொல்லவில்லை. என்றைக்கும் இல்லாத அளவுக்கு அந்தச் சித்திரையில் பூத்துத் தள்ளியது. பறிக்காமல் விட்டால் செடி கெட்டுவிடும் என்று பானுமதி தினமும் பறித்து வரப்பில் கொட்டினாள். நடுவில் மோட்டார் காயில் எரிந்துபோய், பக்கத்து வயல் ராசப்பன் கிணற்றிலிருந்து வாடகைத் தண்ணீர் பாய்ந்தது. ராசப்பன் நல்ல மனிதர். "முடியலேன்னா சொல்லுங்க மருதை, குத்தகைக்கு எடுத்து வாழை போட்டுடறேன்" என்று தினமும் ஆறுதல் சொன்னார். நிவாரணம் வந்தால் மோட்டார். வராவிட்டால் வாழை.

ஆய்வுக்கு வந்த அலுவலர் சரத்குமார், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, வயலைப் பார்த்து மூச்சை நன்றாக இழுத்தார்.

"அருமையா வச்சிருக்கீங்களேண்ணே. சேதம் எங்க?"

"இதாங்க சார்."

"இது பூவால்ல இருக்கு."

"ஆமாங்க. வாங்க ஆளில்ல. அதான் சேதம்."

சரத்குமார் போனைத் தடவிக் காட்டினார். அதில் நான்கே வகைச் சேதம்: புயல், வெள்ளம், வறட்சி, பூச்சி.

"இந்த நோயும் ஒரு பூச்சிதானே சார், அதையே போட்டுக்குங்க" என்றாள் பானுமதி.

அவர் உண்மையிலேயே யோசித்தார். "இலையில ஓட்டை தெரியணுமேக்கா."

வண்டியைக் கிளப்பும்போது ஆகாயத்திடம் பேசுவதுபோல், "பத்து நாள் தண்ணி விடலேன்னா வறட்சின்னு போட்டுக்கலாம். நான் சொல்லலைண்ணே" என்றார்.

செடி பிழைக்கப் பணம் வேண்டும்; பணம் வரச் செடி காய வேண்டும். இதை எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் மருதைக்குத் தலையைச் சுற்றியது. தண்ணீரை நிறுத்தினான். பானுமதி அவனோடு பேசுவதை நிறுத்தினாள். வயல் மஞ்சளித்தது. ராசப்பன் வாழைக்கட்டை விலை விசாரிக்கப் போனார்.

பதினோராம் நாள் சரத்குமார் மலர்ந்த முகத்தோடு வந்து இறங்கினார்.

"அண்ணே, நல்ல சேதி. புதுசா ஊரடங்குன்னு ஒண்ணு சேத்துட்டாங்க. பூத்து நிக்கிறதைப் படம் எடுத்தாப் போதும்."

சொல்லிவிட்டுத்தான் வயலைப் பார்த்தார். மூன்று பேர் முன்னாலும் அது காய்ந்து கிடந்தது.

"அன்னைக்கே எடுத்திருந்தா?" என்றான் மருதை.

"அன்னைக்கு இது இல்லியேண்ணே."

பானுமதி மேற்கு வரப்புக்கு நடந்தாள். பின்னாலேயே போனார்கள். அங்கே இரண்டே வரிசை பச்சையாக நிமிர்ந்து, வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. அடிமண் ஈரம். மருதை அவளைத் திரும்பிப் பார்த்தான். இடுப்பில் குடம் உட்காரும் இடத்தில் புடவை நனைந்திருந்தது.

"நீ ஊத்துனியா?"

"பின்ன, இவரா ஊத்துனாரு?"

சரத்குமார் மண்டியிட்டு, பின்னால் காய்ந்தது தெரியாதபடி மூன்று நான்கு படம் எடுத்தார். மருதை ஒரு பூத்தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிரிக்க வேண்டுமா, வருத்தமாக இருக்க வேண்டுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டே விட்டான்.

"சும்மா இருங்கண்ணே, அது போதும்" என்றார் சரத்குமார். "போன்ல பூத்த பரப்பு எவ்வளவுன்னு கேக்குதே?"

வரிசைகளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவர் மெதுவாக அடிவைத்து நடந்தார். பானுமதி அதற்குள் மடியைக் கட்டிக்கொண்டு பறிக்க ஆரம்பித்திருந்தாள்.

நிவாரணம் வந்தது. இரண்டு சென்டுக்கு.