முன்பல் கேப்

மேஸ்திரி உடைந்த முன்பல்லுக்கு மேல் பீங்கான் கேப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து கிடங்கில் அடி வாங்குவதும் ஒரு படிப்பாகிவிட்டது. முன்பெல்லாம் அடித்துவிட்டுப் போய்விடுவார். இப்போது அடித்துக்கொண்டே பாடம் எடுத்தார்.

"பிரஷ்ஷ ஈறுப் பக்கம் சாய்ச்சுப் பிடிக்கணும்டா." செவிட்டில் ஒன்று. "வட்டமா, மெதுவா தேய்க்கணும்." அடிவயிற்றில் ஒன்று. "கேப்புக்குச் சொத்தை வராது, உள்ள இருக்கிற பல்லுக்குத்தான் வரும். இதெல்லாம் யாருக்குடா தெரியும்?"

மூட்டையைக் கிழித்ததற்காகச் சுவரோரம் உதை வாங்கிக்கொண்டிருந்த சுமைக்காரன், ரத்தத்தைத் துப்பிவிட்டு, "உங்களுக்குத்தான் மேஸ்திரி" என்றான். பாஸாகிவிட்டான்.

பல் கத்திச் சண்டையில் உடைந்ததாக மேஸ்திரி சொல்லிக்கொண்டார். சோடா மூடியைக் கடித்துத் திறந்ததில் உடைந்தது என்பது அவர் மனைவிக்கும் பல் டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

பெற்ற தாய் பேச்சைக்கூடக் கேட்காத மனிதர், டாக்டரம்மா சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். "ஐஸ் கடிக்காதீங்க. மூடி திறக்க வீட்ல வேற சாமானே இல்லையா? கேப் கழண்டு விழுந்தா உடனே தேடி எடுத்து, கழுவி, அன்னைக்கே கொண்டு வாங்க. உள்ள பல்லக் குச்சியாட்டம் செதுக்கி வச்சிருக்கேன். அப்படியே விட்டா அதுவும் ஒடிஞ்சிரும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

நாடே நடுங்கும் மேஸ்திரி, வாயைக் கையால் பொத்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

கிடங்கில் மேஸ்திரி பதவிக்கு ஓட்டுப்பெட்டி கிடையாது. நாற்காலி வேண்டுமென்பவன் அதில் இருப்பவனோடு மோதவேண்டும். மூட்டைக் கொக்கியைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையால். எவன் முட்டி முதலில் தரையைத் தொடுகிறதோ அவன் தோற்றவன்; மறுநாளிலிருந்து அவன் முதுகில் மூட்டை. மேஸ்திரியின் முட்டிக்கும் அந்தத் தரைக்கும் இதுவரை அறிமுகமே இல்லை.

இந்தத் தடவை மோத வந்தவன் அவர் மனைவியின் தம்பி. "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சமைச்சிருக்கேன். கைகால் மிச்சமிருந்தா வந்து தின்னுங்க" என்று காலையில் சொல்லியனுப்பியிருந்தாள் அவள்.

"மாமா, வயசாயிருச்சு. நாற்காலியக் குடுத்துட்டு மரியாதையா போயிருங்க."

"வாடா மாப்ள. உங்கக்காவக் கட்டினப்போ மூக்கு ஒழுகிட்டு நின்ன பய நீ. இன்னைக்கும் ஒழுக விடறேன்."

சொன்னபடி செய்தார். முதல் குத்திலேயே மூக்கெலும்பு நொறுங்கி, சட்டை முழுக்கச் சிவந்தது. அடுத்த குத்துக்கு விலா எலும்பு சுள்ளியைப் போல முறிந்தது. தலைமுடியைப் பற்றி இரும்புக் கதவில் மோதினார். கதவில் ரத்தம் வழிந்தது. மச்சினனின் முட்டி மடங்கத் தொடங்கிற்று. இன்னும் ஒரே ஒரு அடி.

கண் தெரியாமல் அவன் காற்றில் வீசிய கை, மேஸ்திரியின் வாயில் வந்து விழுந்தது.

'டிக்' என்றது. மேஸ்திரி நாக்கால் துழாவினார். குச்சிதான் தட்டுப்பட்டது.

"எவனும் காலத் தூக்காதீங்கடா!" என்று அலறினார். "மிதிச்சிராதீங்க!"

இரண்டு முட்டியும் மண்ணில் பதிய உட்கார்ந்து, தரையைக் கையால் கூட்ட ஆரம்பித்தார்.

"மேஸ்திரி... முட்டி" என்றான் அன்று சுவரோரம் உதை வாங்கிய சுமைக்காரன்.

"முட்டியாடா முக்கியம்? உள்ள குச்சிதான்டா இருக்கு!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. எழுந்திருக்கவில்லை. தேடுவதையும் நிறுத்தவில்லை.

"மாமா." கதவில் சாய்ந்தபடி மச்சினன் கையை நீட்டினான். விரல்முட்டிச் சதையில், ரத்தத்துக்கு நடுவே, பீங்கான் வெள்ளையாகப் பதிந்திருந்தது. "இங்க இருக்கு. புடுங்கிக்கோங்க."

டாக்டரம்மா அன்றைக்கே கழுவி ஒட்டிவிட்டார். "சொன்னத அப்படியே கேட்டது நீங்க ஒருத்தர்தான்" என்று பாராட்டவும் செய்தார்.

மறுநாள் புது மேஸ்திரி, மூக்கிலும் கையிலும் கட்டோடு நாற்காலியில் இருந்தான். பழையவர் குனிந்து முதல் மூட்டையைப் பிடித்தார்.

"மாமா, தூக்கறப்போ பல்லக் கடிக்காதீங்க. கேப் போயிரும்."

அவர் வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கினார்.