பத்து நிமிஷம் அடித்த மிஷின்

அவனால் வலது தோளைத் தூக்க முடியவில்லை. சட்டையை மாட்டிவிட்டதே மனைவிதான். பதினெட்டு வருஷம் சம்மட்டி ஓங்கிய தோள், இப்போது தண்ணீர் டம்ளருக்கே முனகியது. வேலை நடக்கும் வீட்டில் மாடிக் குளியலறையின் காங்கிரீட் தரையை நாளைச் சாயங்காலத்துக்குள் உடைத்து அள்ளாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"உடைக்கிற மிஷின் ஒண்ணு வாங்கிடலாங்க. பழசு."

"எவனோ கழிச்சுக் கட்டினதையா?"

"உங்க தோளும் பழசுதான். அதை வச்சு நான் ஓட்டலையா?"

மெக்கானிக் கடையில் அவன் ஒரு மிஷினை இடது கையால் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறது, நல்லதுதான் என்று தலையாட்டினான். அவள் அதன் காற்றுத் துளையில் மூக்கை வைத்து முகர்ந்தாள். மோட்டார் கருகிய வாடை இல்லை. வாசலில் கிடந்த காங்கிரீட் தூண் துண்டை மெக்கானிக்கிடம் காட்டினாள்.

"இதுல பத்து நிமிஷம் ஓட்டுங்கண்ணே."

"ரெண்டு அடி பத்தாதா தங்கச்சி?"

"சூடான பிறகும் அடிக்குதான்னு பார்க்கணும்ல."

ஆறாவது நிமிஷம் மோட்டார் கத்தியது, உளி அடிக்காமல் தூங்கிவிட்டது. அடுத்த மிஷின் பத்து நிமிஷமும் சளைக்கவில்லை.

மெக்கானிக் அவனைப் பார்த்தார். "இவங்களை எங்கப்பா பிடிச்சே?"

"அவதாண்ணே என்னைப் பிடிச்சிட்டு வந்தா."

மறுநாள் காலையில் மிஷினை அவன்தான் முதலில் பிடித்தான். சம்மட்டிக்காரன் புத்தி போகுமா? தரையின் நட்டநடுவே வைத்து உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினான். உளி நாலு விரல் ஆழம் இறங்கிச் சிக்கிக்கொண்டது. இழுத்தான், தோளில் மின்னல் வெட்டியது. உட்கார்ந்துவிட்டான்.

"அது அடிக்கும்போது நீங்க எதுக்கு அடிக்கிறீங்க?" என்றபடி அவள் கைச்சுத்தியும் சின்ன உளியும் எடுத்து, சுற்றிலும் கொத்தி அதை விடுவித்தாள். பிறகு மிஷினைத் தூக்கி, உடைவது பெயர்ந்து விழ இடமிருக்கும் தண்ணீர்த் துளையின் விளிம்பில் வைத்தாள். அமுக்கவில்லை, சாய்த்துப் பிடித்தாள், அவ்வளவுதான். காங்கிரீட் வில்லை வில்லையாகப் பெயர்ந்தது. இத்தனை வருஷம் கல் சுமந்துகொண்டே மிஷின்காரர்களின் கையைப் படித்திருக்கிறாள், கள்ளி! இடது கையால் அள்ளிக்கொண்டே, வாய் மூடாமல் பார்த்தான்.

நாலரைக்கு மேஸ்திரி வந்தார். தரை சுத்தமாகக் கிடந்தது.

"யாருய்யா உடைச்சது?"

"என் வீட்டுக்காரி!" தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

"அப்ப கீழ்வீட்டுக் குளியலறைத் தரையையும் அவங்களே உடைக்கட்டும்."

"ஞாயித்துக்கிழமை மட்டும் முடியாது மேஸ்திரி," என்றாள், முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டே. மிஷினுக்குப் பாதி விலைதான் கொடுத்திருந்தார்கள். மீதிக்கு, ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடைப் பின்கட்டில் கிடக்கும் பழைய காங்கிரீட் மேடையை உடைத்து அள்ளித் தரவேண்டிய கடன் அப்படியே நின்றது.