முன்கூட்டியே சொன்ன நன்றி

1.

இந்தக் கதையின் யோக்கியதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போனில் கேட்டார்: "ஆண்டவர்மேல கோவமா இருக்கிற விசுவாசிக்கு ஆறுதலா ஒரு கதை குடுங்க. கோவம் இருக்கலாம், ஆனா கடைசிப் பாராவுக்குள்ள தீர்ந்துடணும்." நானும் சரி என்று சொல்லிவிட்டுக் கடைசி வரியை முதலில் எழுதிவைத்தேன்: 'அவள் கண்ணீரோடு சிரித்தாள்.'

2.

சபைக்குப் பின்னால் ஓர் ஆலோசனை அறை. சுவரில் 'கோபத்திலிருந்து சமாதானத்துக்கு ஐந்து படிகள்' என்ற அட்டவணை. (மூன்றாவது படியில் எல்லோரும் அழுதுவிடுவார்கள் என்பது அங்கே உட்காரும் சபை ஆலோசகரின் அனுபவம்.) நல்ல மனிதர். மூன்று நாள் பயிற்சி முடித்தவர். பிறர் துக்கத்தைக் கேட்கும்போது தலையை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

எதிரே என் கதாநாயகி, ஒரு தையல்காரி. அவள் தன் விரல்களைப் பிசைந்தபடி… (வேண்டாம். எல்லாக் கதையிலும் பிசைகிறார்கள்.) அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"கோவத்தை ஆண்டவர்கிட்டயே கொட்டிடுங்க சிஸ்டர். அவர் தாங்குவார்."

"அவர் தாங்குவார் பிரதர். நீங்க தாங்குவீங்களா?"

(இது என் திட்டத்தில் இல்லை.)

3.

நடந்தது இதுதான். அவள் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இதே ஆலோசகர் ஞாயிறு காலை மேடையேறி, சுகம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார். கிடைப்பதற்கு முன்பே நன்றி சொன்னால்தான் விசுவாசமாம். அவளையும் மைக் முன் நிறுத்தி நன்றி சொல்லவைத்தார். பாவி மனசு நம்பிவிட்டது. அன்று மாலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கணவர் வீடு திரும்பும்போது போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அவர் தனியாகச் செத்துப்போனார்.

அடக்கத்தில் யாரும் அந்த நன்றியை வாபஸ் வாங்கவில்லை. "நித்திய சுகம் கிடைச்சிடுச்சு" என்று அழகாகச் சமாளித்தார்கள்.

(முடிவை முன்பே எழுதிவைத்தவன் என்ற முறையில் எனக்கும் குறுகுறுத்தது. அந்தக் 'கண்ணீரோடு சிரித்தாள்' வரியை அடித்துவிட்டேன்.)

4.

"உங்களுக்கு என்னதான் வேணும் சிஸ்டர்?"

"ஆண்டவர்மேல கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லல. அதை நானும் அவரும் பாத்துக்கறோம். நீங்க அன்னிக்கு சொன்னது தப்புன்னு வர்ற ஞாயித்துக்கிழமை அதே மைக்ல சொல்லணும். கடைசி வரிசையில உக்காந்திருப்பேன். சொல்லலைன்னா, அப்புறம் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

ஆலோசகர் சுவர் அட்டவணையைப் பார்த்தார். ஐந்து படிகளில் எதிலும் அவர் மன்னிப்புக் கேட்கும் படி இல்லை. "ஜெபிப்போமா?" என்றார். இத்தனை வருஷச் சங்கடங்களையும் அந்த ஒரு வார்த்தையால்தான் மூடியிருக்கிறார்.

அவள் எழுந்து போய்விட்டாள்.

5.

முடிவு (அ): மன்னிப்புக் கேட்கிறார். பிறகு அவர் வேறு சபை தேட வேண்டியிருக்கும்.

முடிவு (ஆ): பொதுவாக 'நாமெல்லாரும் தவறுகிறவர்கள்' என்கிறார். இதுதான் நடக்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு (இ): ஆசிரியருக்குப் பிடித்த மாதிரி, அவள்…

இல்லை. எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மேடையேறிவிட்டார். அவள் வந்திருக்கிறாள், பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. எனக்கு அங்கே போகத் தைரியமில்லை, நான் எழுதுகிறவன் மட்டும்தான். நீங்கள் போய் உட்காருங்கள். அவர் சொல்லாமல் இறங்கினால், எழுந்து கேட்க இன்னொரு ஆள் வேண்டும்.