கட் சொல்லாத டேக்

கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் எக்ஸ்பிரஸின் வலது கால் சரியாக இருந்தது. டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றதும் முழங்கால் மடங்கும், நீளும், ஓடும். "கட்" என்றதும் பழையபடி விறைத்துக்கொள்ளும். படப்பிடிப்பின் முதல் வாரத்திலேயே இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஜெனரேட்டர் அடிக்கடி நின்றுபோவதைப் பற்றிப் பேசிக்கொண்ட அளவுக்குக்கூட இதைப் பற்றி யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஜெனரேட்டர் நின்றால் எல்லோருக்கும் வேலை கெடும். கால் நின்றால் அவர் ஒருவருக்குத்தான் நஷ்டம்.

எக்ஸ்பிரஸ் என்பது அவர் நானூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த பட்டம். ஈரத்துணி வாளியோடு மாடிப்படியில் வழுக்கி விழுந்து முழங்கால் நொறுங்கிய பிறகும் பட்டம் போகவில்லை. கூப்பிடுகிறவர்களுக்கு அதற்கப்புறம்தான் அதில் ருசியே கூடியது. ஒரு காலணிக் கடையில் விளையாட்டு ஷூ பிரிவில் அவருக்கு வேலை. வலது காலைப் பக்கவாட்டில் நீட்டிவைத்து, இடது காலில் குந்தி, வந்தவர்களுக்கெல்லாம் லேஸ் கட்டிவிட்டு, "கொஞ்சம் ஓடிப் பாருங்க" என்று சொல்லவேண்டும். அவர்கள் கடைக்குள்ளேயே கண்ணாடி வரைக்கும் ஓடிவிட்டு வருவார்கள், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். புருஷன் முகத்தைவிட அவருடைய முழங்காலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார், சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

பணம் போட்டுப் படம் எடுத்தவர் ஒரு சிமெண்ட் மொத்த வியாபாரி. பெரிய ஆபரேஷனுக்குப் போகும்போது, பிழைத்து வந்தால் உன்னைப் பற்றி ஒரு படம் எடுக்கிறேன் என்று கடவுளிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். பிழைத்தும் வந்துவிட்டார். கதை எளிமையானது. கால் போன ஓட்டக்காரன் ஒருவன் பிரார்த்தனையால் எழுந்து மறுபடி ஓடுகிறான். ஜெயிப்பதில்லை, கடைசி ஆளாகத்தான் வருகிறான். ஆனாலும் கோட்டைத் தாண்டியதும் வானத்தைப் பார்த்து நன்றி சொல்கிறான். அந்த நன்றி சொல்லும் முகத்துக்காகத்தான் மொத்தப் படமும் என்று தயாரிப்பாளர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். டைரக்டராக வந்தவர், வருஷக்கணக்கில் அடுத்தவர்களிடம் உதவியாளராக இருந்து தேய்ந்துபோன ஒரு பெண்மணி. இது அவருக்கு முதல் படம். நிஜமாக நொண்டுகிறவரும் நிஜமாக ஓட்டம் தெரிந்தவரும் ஒரே ஆளாகக் கிடைத்ததில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கால் குணமான பிறகு ஓடும் காட்சிகளுக்கு ஒரு டூப்பையும் பேசி வைத்திருந்தார். டூப் கடைசிவரை நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

முழங்காலில் கைவைத்துப் பிரார்த்தனை செய்யும் கோச்சாக நடித்தவர் டி.வி. தொடர்களில் பெரிய மனிதர் வேஷமே போட்டுப் பழுத்தவர். சொந்த வாழ்க்கையில் கடவுள் நம்பிக்கை இல்லை. முதல் டேக்கில் கைக்கடியில் எலும்பு நகர்வது தெரிந்ததும் சுட்டுக்கொண்டதுபோல் கையை உதறினார். நாளடைவில் அவருக்கும் நம்பிக்கை வந்தது, கடவுள்மேல் அல்ல, தன் கையின்மேல். மேக்கப்காரரின் கழுத்துவலிக்குக் கைவைத்தார், வலி தோளுக்கும் இறங்கியது. தன் மூட்டுவலிக்கும் வைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம் அவர் செட்டில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. முகம்தான் வரவில்லை. எக்ஸ்பிரஸ் கடைசி ஆளாக வந்து கோட்டைத் தாண்டுவார், வானத்தைப் பார்ப்பார், ஆனால் அந்த முகத்தில் நன்றி என்ற பேச்சுக்கே இடமிருக்காது. பல்வலிக்காரன் மூஞ்சி மாதிரி இருக்கிறதே என்று தயாரிப்பாளர் மானிட்டரைப் பார்த்துப் புலம்புவார். மறுபடி டேக். மறுபடி பல்வலி. போதாக்குறைக்கு எக்ஸ்பிரஸ் வேண்டுமென்றே கெடுக்கவும் ஆரம்பித்தார். ஒரு டேக் கெட்டால் இன்னொரு டேக், இன்னொரு டேக் என்றால் இன்னொரு முறை கால். பக்கத்து ஓடுபாதையில் நுழைவார், வசனத்தை மாற்றிச் சொல்வார், ஒருதடவை கோட்டைத் தாண்டியும் நிற்காமல் இன்னொரு சுற்று ஓடிவிட்டு வந்தார். டைரக்டருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்வது, அவருக்கும் அந்த முகம் வேண்டியிருந்தது.

வேறு வழியும் பார்க்காமல் இல்லை. மனைவி செல்போனில் எடுத்துப் பார்த்தார். கல்யாண வீடியோக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, அவரை விட்டு ஆக்‌ஷன் சொல்லவைத்தார்கள். கடையின் கண்காணிப்புக் கேமராவுக்கு முன்னால் எக்ஸ்பிரஸ் ஒரு மத்தியானம் முழுக்க நின்றுபார்த்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எதற்கும் கால் மசியவில்லை. படப்பிடிப்புக் கேமராவும் டைரக்டர் அம்மாள் வாயும் சேர்ந்தால்தான் நடந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த புது எக்ஸ்ரேயில் எலும்பு அதே கோணலில் இருந்தது. மனைவி அதை இரண்டாகக் கிழிக்கப் பார்த்தார். பிலிம் என்பதால் கிழியவில்லை, வளைந்துதான் கொடுத்தது.

ஒருநாள் டைரக்டர் பொறுமை இழந்து, எல்லோர் எதிரிலும் எக்ஸ்பிரஸைப் பிடித்துக்கொண்டார். ஊரில் எவனுக்கும் கிடைக்காதது உனக்குக் கிடைத்திருக்கிறது, அதற்கு ஒரு நன்றி சொல்ல வலிக்கிறதா என்று கேட்டார்.

"நீங்க கட் சொல்லத்தான் போறீங்க. அது தெரிஞ்சே எப்படி மேடம் நன்றி சொல்றது?" என்றார் எக்ஸ்பிரஸ். "குடுத்துக் குடுத்துப் புடுங்குறவங்களுக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?"

டைரக்டர் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி வந்து, கட் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட முடியாதா என்று தனியாகக் கேட்டபோது பதில் தயாராக இருந்தது. "அப்புறம் என் படத்தை யாரும்மா முடிக்கிறது?" என்று எரிந்து விழுந்தார். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தனை வருஷம் அடுத்தவர்கள் கட் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் அவருக்கென்று ஒரு கட் வாய்த்திருந்தது.

மைதானத்தின் வாடகைக்காலம் முடியும் நாள் வந்தது. ஒரே ஒரு டேக்குக்குத்தான் வெளிச்சம் இருந்தது. எக்ஸ்பிரஸ் ஓடினார், கடைசியாக வந்தார், கோட்டைத் தாண்டினார். வானத்தைப் பார்க்கவேண்டியவர் டைரக்டரைப் பார்த்தார். ஊசி போடப்போகிற நர்ஸைப் பார்ப்பதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பை இறுக்கிக்கொண்டு, காத்து நின்றார். டைரக்டருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மைக்கை வீசி எறிந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தன் வேனை நோக்கி நடந்தார். இரக்கப்பட்டதாக நினைக்கவேண்டாம், வெறுத்துப்போய்த்தான் போனேன் என்று பின்னாளில் அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

டைரக்டர் சொல்லாமல் வேறு யாரும் கட் சொல்லக்கூடாது என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். ஒளிப்பதிவாளர் கேமராவை ஓடவிட்டார். பாட்டரி செத்துத் திரை கறுத்தது. எக்ஸ்பிரஸ் இன்னும் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தார். உதவி டைரக்டர், தொழில் பக்தி மிகுந்தவர், வேன் பக்கம் ஓடி, மேடம் நீங்க கட் சொல்லலையே என்று நினைவூட்டினார். டைரக்டர் வாயைத் திறந்தார். தூரத்தில் எக்ஸ்பிரஸ் முழங்காலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். அன்று எக்ஸ்பிரஸ் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் ஒரு பக்கம் சாய்ந்தபடியே, வீட்டுக்கு நடந்துபோனார்.

தயாரிப்பாளர் வாடகையை நீட்டித்து இன்னொரு டேக் கேட்டார். எடுத்தால் முடிக்கவேண்டியிருக்கும் என்று டைரக்டர் மறுத்துவிட்டார். இருந்ததில் பல்வலி குறைவாகத் தெரிந்த டேக்கை வைத்துப் படம் வெளியானது. கதாநாயகன் முகத்தில் கடவுள் நம்பிக்கை துளியும் இல்லை என்று எல்லா விமர்சகர்களும் ஒற்றுமையாக எழுதினார்கள். ஒரு வாரம் ஓடியது. தயாரிப்பாளர் கடவுளிடம் வேறு ஏற்பாடு பேசிக்கொண்டார்.

டைரக்டருக்கு அடுத்த படம் கிடைக்கவில்லை. சமையல் பாத்திரம், சலவைத்தூள் என்று விளம்பரங்கள் எடுத்தார். அவற்றிலும் கட் சொல்வதில்லை, எந்த டேக் முடிந்துபோகுமோ என்று பயம். கையைத் தூக்குவார், "சரி, போதும்" என்பார். நடிகர்கள் புரியாமல் கரண்டியோடு சிரித்துக்கொண்டே நிற்பார்கள். உனக்குத் தொழிலே தெரியவில்லை என்று கம்பெனிக்காரர்கள் அவர் காதுபடவே சொன்னார்கள். வீட்டிலும் மின்சாரம் நின்றால் கரண்ட் போயிடுச்சு என்றுதான் சொல்வார், முடிவெட்டுகிற கடையில் சைகைதான். தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று சில காலம் வாயில் துணி கட்டிக்கொண்டு படுத்தார். இத்தனைக்கும் எக்ஸ்பிரஸ் ஒரு தடவைகூட வந்து நன்றி சொல்லவில்லை. நினைவூட்டினால் கட் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அந்தப் பக்கமே வராமல் இருந்தார். டைரக்டர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு பல வருஷம் மனசுக்குள் திட்டித் தீர்த்தார்.

ஒரு சாயங்காலம் சிக்னலில் கார் நின்றபோது டைரக்டர் அவரைப் பார்த்தார். வாடிக்கையாளர் ஒருவர் ஜோடியில் ஒரு ஷூவை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கவேண்டும், எக்ஸ்பிரஸ் அதைக் கையில் தூக்கிக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே தெருமுழுக்க ஓடிவந்தார். தலை நரைத்திருந்தது, தொப்பை குலுங்கியது. அந்த ஆளின் வண்டி போய்விட்டது. எக்ஸ்பிரஸ் நடைபாதையில் நின்று, குனிந்து, மூச்சு வாங்கினார். பிறகு நிமிர்ந்து, வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒற்றை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் இடித்துக்கொண்டு போக, அந்த முகம் அங்கே இருந்தது. வெளிச்சமும் பிரமாதமாக இருந்தது. டைரக்டரின் கை தானாகக் கேமராவைத் தேடியது. பக்கத்து சீட்டில் சலவைத்தூள் டப்பாதான் இருந்தது.

"இதை அன்னிக்கே பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதா" என்று சொல்லிக்கொண்டு, பின்னாலிருந்தவன் ஹார்ன் அடிக்கவே, வண்டியை எடுத்தார்.