படிவத்தின் கடைசி மூன்று வரி

ஆபீஸில் அவளை எல்லோரும் அரிச்சந்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். வளரிளம் பெண்களின் பாலியல் ஆரோக்கியம் பற்றிய ஆய்வுக்கு வீடு வீடாகக் கேள்வித்தாள் கொண்டுபோகும் வேலை. மற்றவர்கள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று தாங்களே டிக் அடித்துக் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிடுவார்கள். இவள்தான் பிழைக்கத் தெரியாதவள். பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, யாருக்கும் தெரியாது, நீயே எழுது என்று பேனாவைக் கையில் கொடுப்பாள்.

அதுவே வினையாகப் போயிற்று. மேற்பார்வையாளர் ஒரு படிவத்தை மேசைமேல் விசிறியடித்தார்.

“எல்லாரும் இல்லைங்கறாங்க. இது ஒண்ணுல மட்டும் ஆமா, ஆமா, ஆமா! கதை எழுதவா வந்தீங்க?”

“அந்தப் பொண்ணே எழுதினது சார்.”

“அப்ப நேர்லயே போய்க் கேட்டுடுவோம். பொய்னு தெரிஞ்சா இன்னையோட வேலை காலி.”

அவள் வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அவர்கள் போனபோது படிவம் எழுதிய அந்தப் பதினாறு வயதுப் பெண் சீருடைகூட மாற்றாமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏதோ உடல்நலக் கணக்கெடுப்பு என்று நினைத்து ஒப்புதல் கொடுத்திருந்த அம்மா அடுக்களையில் இருந்தாள். மேற்பார்வையாளர் தாழ்ந்த குரலில்தான் விசாரித்தார். படிவத்தைப் பார்த்ததும் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று.

“இவங்க வந்தாங்க சார். நான் எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் சொன்னேன். அவங்களா எழுதிக்கிட்டாங்க.”

அரிச்சந்திரிக்கு ரத்தம் தலைக்கேறியது. பெண் பயத்தில் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, கொஞ்சம் வாங்க. இது உங்க பொண்ணு எழுத்தான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

“அக்கா, வேணாங்க்கா...”

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்ற கேள்விக்குக் கீழே மூன்று வரி இருந்தது. கர்ப்பமா என்று பார்க்க நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தாள்.

“இவ எழுத்துதான்.”

பிறகு மகள் முன்னால் விரிந்திருந்த நோட்டை மூடிப் பைக்குள் திணித்து, பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டாள்.

“நாளையிலேர்ந்து இது வேணாம்.”

பெண் அழவில்லை. தாயையும் பார்க்கவில்லை. அரிச்சந்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவுக்கு வந்ததும் மேற்பார்வையாளர் குழைந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது.” சொல்லிக்கொண்டே படிவத்தை பைக் சீட்டில் வைத்துச் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“என்ன சார் பண்றீங்க?”

“பெத்தவங்க கண்ணுல பட்டுடுச்சே. ரகசியம் போன படிவத்தை ஆய்வுல சேக்கக் கூடாதுன்னு விதி. வேற ஒரு வீடு பாத்து நிரப்பிக் குடுத்துடுங்க.”

வேலை தப்பித்த நிம்மதி அவளுக்கு வந்தேவிட்டது. அதற்காகத் தன் முகத்தில் தானே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

“எத்தனை மணிக்குள்ள வேணும் சார்?” என்று கேட்டாள்.