படகு பார்க்கப் போன நாள்

இடது கன்னத்தில் நுரை அப்படியே இருக்க, அவர் சவரம் செய்துகொண்டிருந்த மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ போ. அந்தப் படகை நீ போய்ப் பாத்துட்டு வா."

அவள் ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். "நான் போய் என்னத்தப் பாக்க? படகுல முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே எனக்குத் தெரியாது."

"நீதான் போகணும்." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார். "வேற யாரு போனாலும் பிரயோஜனம் இல்ல."

அவளுடைய அக்கா ஜன்னலோரம் நின்றிருந்தாள். வந்து செருப்பைக் கழற்றி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "போயிட்டுதான் வாயேன்டி," என்றாள். "எத்தன நாளா இந்த ரூமுக்குள்ளயே அடைஞ்சு கெடக்குற. கொஞ்சம் காத்து வாங்கின மாதிரி இருக்கும். நான் பாத்துக்கறேன் இவன."

'இவன' என்றது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் என்னங்க, வாங்க என்று மரியாதையாக நிற்கிறாள். அக்காவுக்கு மட்டும் டேய், வாடா, போடா. உலகத்தில் அவரை அப்படிக் கூப்பிட ஒரே ஒரு ஜீவன்தான். அவரும் சளைத்தவரில்லை, அக்காவைக் 'கேப்டன்' என்பார். கட்டின பெண்டாட்டிக்கு அவர் வைத்த செல்லப்பெயர் குள்ளக் கத்திரிக்கா. அவள் அக்காவின் தோள் உயரம்தான் இருப்பாள் என்பது உண்மைதான். அதற்காகக் காய்கறிக் கூடையில் தூக்கிப் போடுவதா?

காலையில் வந்த நர்ஸ் அவருடைய நகங்களைப் பார்த்தாள், பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். போகும்போது வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இன்னிக்கு வெளிய எங்கயும் போகாதீங்கம்மா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க." சொல்ல வேண்டியவர் என்று இருந்தது ஒரே ஆள். அந்த ஆளும் தானாகவே வந்து, இப்போது ஜன்னலோரம் நின்று திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இவள் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் போகும்போது தான் மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

அவருடைய தொழிலே பழைய பாய்மரப் படகைப் பார்த்துச் சொல்வதுதான். படகு வாங்க நினைப்பவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ரப்பர் சுத்தியலால் படகின் உடம்பு முழுக்கத் தட்டிக் கேட்பார். எங்கே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு படுக்கையிலும் படுத்துப் பார்ப்பாராம். 'பார்ப்பாராம்' என்றுதான் சொல்ல வேண்டும், அவள் கூடப் போய்ப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை படகில் ஏறினாள். ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாந்தி. தலையைப் பிடித்துக்கொண்டவள் அக்கா. அன்றோடு கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

அக்காவோ படகுப் பாய் தைக்கிறவள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அந்தக் காலத்தில் பந்தயங்களில் அக்கா சுக்கானைப் பிடிக்க, அவர் கயிற்றை இழுக்க, இருவரும் ஜெயிக்காத கோப்பை குறைவு. கிழிந்த பாயின் ஒரு முனையை அக்காவும் மறு முனையை அவருமாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்த நாளில்தான் அவள் அவரை முதலில் பார்த்தாள். அக்காவைத் தேடி வந்தவர் தங்கையைக் கட்டிக்கொண்டார். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

கடலுக்கு அக்கா, கரைக்குத் தான் என்று மனதுக்குள் பங்கு பிரித்து வைத்திருந்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்க்க நிறைய நேரம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தனக்கென்று ஒரு பெரிய படகைத் தேட ஆரம்பித்தபோது கணக்கு முடிந்தேவிட்டது. வேலையை விட்டதும் அதிலேயே குடியிருக்கப் போவதாகச் சொன்னார். கேப்டனும் அவரும் ஊர் ஊராகச் சுற்றுவார்கள். தான் துறையில் நின்று கையாட்ட வேண்டியதுதான். கடைசியில் ஒரு பல் டாக்டரின் படகு பிடித்துப்போயிற்று. அதைக் கடலில் ஓட்டிப் பார்க்க நாள் குறித்தபோது அவர் தடியூன்றி நடந்துகொண்டிருந்தார். அந்த நாள்தான் இன்று. வேண்டாம் என்று பல் டாக்டருக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இப்போது தன்னை வெளியே அனுப்பப் பார்க்கிறார். கடைசி நாளில் பக்கத்தில் யார் வேண்டும் என்று தெரிந்துதான் போயிற்று.

"அக்காவே போகட்டும்," என்றாள். "எனக்கு நின்னாலே தலை சுத்துது."

அக்கா அவரைப் பார்த்தாள். "எப்படிடி இருக்கான்? மூச்சு ரொம்ப மேல மேல வாங்குதே."

"நேத்துக்கு இன்னிக்கு எவ்வளவோ தேவல. நீ நிம்மதியா போயிட்டு வா."

நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சப்பை மூக்கில் நிற்காத பிரேமை மாட்டிவிட்டு உங்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது என்று தினமும் சொல்கிறவள். அக்கா அவருடைய சுத்தியலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "போனதும் போன் பண்றேன்டா," என்று கிளம்பினாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மீதிச் சவரத்தை முடித்தாள். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். ஆக்சிஜன் மெஷின் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இனி இந்த அறைக்குள் வேறு யாரும் கிடையாது.

போன் அடித்தது.

அவர் முகத்தில் வந்த உயிரைப் பார்க்க வேண்டுமே! தலையணைக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டார். அந்தப் பக்கப் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"தட்டிட்டியா... ம்... கம்பியெல்லாம்? துரு?... சரி. உள்ள போ."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முட்டிய மடக்கு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்." உதடு கோணி, சிரிப்பு வந்தது. வாரக்கணக்கில் அந்த வீட்டில் யாரும் பார்க்காத சிரிப்பு. அது இருமலாக மாறி அவரை உலுக்கியது. அவள் தோளைப் பிடித்துத் தூக்கி, முதுகைத் தடவி, எச்சிலைத் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க வயிறு எரிந்தது. எச்சில் துடைக்க ஒருத்தி, சிரிக்க ஒருத்தியா? அனுப்பிவைத்தும் அக்கா போகவில்லை. போன் வழியாக அவர் தலையணையிலேயே தலை வைத்துப் படுத்திருக்கிறாள்.

இருமல் அடங்கியபோது போன் கட்டிலில் நழுவியிருந்தது. எடுத்துப் பிடிக்க அவர் விரல்களுக்குத் தெம்பில்லை. அவள் எடுத்தாள். கட்டைவிரல் சிவப்புப் பட்டனுக்கு மேல் போய் நின்றது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாளோ, ஸ்பீக்கரை அழுத்தி மெத்தைமேல் வைத்தாள்.

அக்காவுக்கு மூச்சிரைத்தது. "இதுக்கு மேல மடக்கினா தவழத்தான்டா வேணும். கேட்டுக்கோ. அடுப்பு எட்டுது. மேல் அலமாரி எட்டாது, கீழ ஒரு பலகை போடணும். கூரையில இருக்கிற கைப்பிடி அவளுக்குத் தலைக்கு மேல ரெண்டு சாண். படகு சாஞ்சா தொங்கக்கூட முடியாது."

"பக்கத்துல..." என்றார் அவர்.

"ஆமா, பக்கவாட்டுல ஒண்ணு போட்டுக்கலாம். படி ரொம்பச் செங்குத்து. இறங்குறப்போ கஷ்டப்படுவா."

"யாருக்கு எட்டாது?" என்று கேட்டாள் அவள்.

"ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?" என்றாள் அக்கா. "உனக்குத்தான்டி, வேற யாருக்கு? படகுல யாரு இருக்கப்போறாங்களோ அவங்கள உள்ள நடக்க வச்சு, படுக்க வச்சுத்தான் இவன் பாப்பான். அது இல்லாம எந்தப் படகையும் பாத்ததா ஒத்துக்கவே மாட்டான். நீ வரமாட்டேன்னுட்ட. அதான் நான் கத்திரிக்காயா நடந்துக்கிட்டு இருக்கேன். பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, எனக்குத்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா..." கண்ணை மூடிக்கொண்டார். "வரவே மாட்ட."

வாஸ்தவம்தான். வந்திருக்கவே மாட்டாள். இந்த நெட்டை மனுஷன் பல் டாக்டரின் படகுக்குள் எத்தனை தடவை முட்டியை மடக்கிக்கொண்டு நடந்தாரோ! அதற்காகப் பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. அவளுடைய வீட்டுக்குள் அவளுடைய உயரத்தில் வேறொருத்தி நடக்கிறாள். அவளுடைய அடுப்புக்கு முன்னால் நிற்கிறாள். வழியனுப்பி வைத்ததும் அவளேதான்.

"ஆனா ஒண்ணு சொல்றேன்டா," என்றாள் அக்கா. நிமிர்ந்துவிட்டாள் போல, குரல் மாறியிருந்தது. "இது ஓடாது. சரியான எருமை. அடிவயித்துல இவ்வளவு கனத்த வச்சா எங்கேந்து ஓடும்? எப்பேர்ப்பட்ட படகெல்லாம் ஓட்டினவங்க நாம. ரெண்டு வருஷம் தேடி இதையா பிடிச்ச?"

"கனம்..." என்றார். "ஆடாது."

தண்ணீர் படகைத் தட்டுவது கேட்டது.

"ம். ஆடாது," என்றாள். "இதுக்கு கேப்டனே தேவையில்லடா. அவளே ஓட்டிடுவா."

அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். சிரித்த மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே விழுங்கிக்கொள்கிற குரல். இருபத்தாறு வருஷமாக அந்த இருவரும் படகுக்குக் கிளம்பும்போதெல்லாம், பாத்துப் போயிட்டு வாங்க என்று வாசலில் நின்று அவள் சொன்னது இதே குரலில்தான். அக்காவுக்கும் அது இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அக்கா," என்றாள்.

"என்னடி?"

இன்னும் துறையை விட்டுக் கிளம்பவில்லை. இப்போது சொன்னால் அக்கா ஓடி வந்துவிடுவாள். அவர் மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. வந்தால் அந்தப் பக்கத்தில் உட்காருவாள். டேய் என்பாள். அவர் அந்தப் பக்கம் திரும்புவார்.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போயிட்டு வா."

இன்ஜின் கிளம்பியது. பல் டாக்டர் எதையோ அவிழ்த்துவிடச் சொல்வதும், அக்கா அதட்டுவதும் கேட்டது. அறைக்குள் வெயில் கட்டில் காலைத் தொட்டிருந்தது. அவள் அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஏதாவது சொல்வார் என்று முகத்துக்கு அருகில் குனிந்தாள். உதடு அசைந்தது.

"கேப்டன்... பாய ஏத்து."

"ஏத்திட்டேன்டா!" என்று கத்தினாள் அக்கா.

கயிறு உருளையில் ஓடும் சத்தம், துணி படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம், பிறகு இன்ஜின் நின்றது. நின்றதும் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகிற ஓசை மட்டும் மெத்தைமேல் இருந்த போனிலிருந்து வந்தது. அவர் ஒரு மூச்சு இழுத்தார். அடுத்தது வர நேரமாயிற்று. அதற்கு அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். வரும் என்று நினைத்துக் காத்திருந்தாள்.

கை அவளிடம்தான் இருந்தது. கடைசி வார்த்தை அக்காவுக்குப் போய்விட்டது. இந்த நேரத்திலுமா இந்தப் புத்தி என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது, ஆனாலும் வலித்தது. அவர் மூக்கிலிருந்து குழாயை எடுத்தாள். கன்னத்தில் அது பதிந்திருந்த கோட்டை விரலால் தேய்த்துவிட்டாள். மெஷினை அணைக்கக் கை போயிற்று. அணைத்தால் சத்தம் நின்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

விரும்பியபடியே எல்லாம் நடந்துவிட்டது. அறையில் அவரும் அவளும் மட்டும்தான்.

"டேய்!" அக்காவின் குரலில் இளமை திரும்பியிருந்தது. "சுக்கான டாக்டர்கிட்ட குடுத்துட்டு கீழ வந்து அந்த நடுப் படுக்கையில படுத்துப் பாத்துட்டேன். முட்டிய மடக்கிக்கிட்டுத்தான், அவள மாதிரியே. கண்ண மூடிக்கிட்டு ரொம்ப நேரம் கெடந்தேன். அலை வருது, மெதுவா தூக்குது, மெதுவா எறக்குது. அவளுக்குக் குமட்டாதுடா. சத்தியமா குமட்டாது. தாராளமா வாங்கலாம்."

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய்? என்னடி, தூங்கிட்டானா?"

"இல்லக்கா." போனைத் தூக்கித் தலையணைமேல், அவர் காதோரம் வைத்தாள். "காத்துச் சத்தத்துல ஒண்ணுமே புரியல. இன்னொரு தடவ சொல்லு."

"இங்க காத்து அப்படி!" என்று சிரித்தாள் அக்கா. பிறகு குரலை உயர்த்தி, முதலிலிருந்து, ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.